டர்போ மேல் பழியைப் போடாதே

தினேஷுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு, பூச்சோங்கில் கடை வாசலில் நின்று நீயும் தர்ஷினியும் சிரிக்கும் படத்தை நேற்று உன் ஸ்டேட்டஸில் பார்த்தேன். அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, அம்மாவின் அழைப்பை எடுக்க மட்டும் இல்லை. குரல் பதிவு அனுப்பினேன். கேட்டுவிட்டாய் என்று நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. அதனால்தான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதை விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போக முடியாது. உறையையும் நான் ஒட்டப்போவதில்லை. தர்ஷினி படிக்க ஆசைப்பட்டால் படிக்கட்டும். உன் அப்பாவும் படிப்பார், படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு டிவி பார்க்கப் போய்விடுவார். யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் நீ கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

நம் கிள்ளான் கோயில் தேரன்று, சக்கரத்துக்குக் கட்டை போடும் சந்திரனின் வலது கை சக்கரத்தில் மாட்டி, இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி விமலா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, நீ என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னது நினைவிருக்கிறதா? "டர்போ லேக்மா. எல்லா டீசல் வண்டிக்கும் இருக்கறதுதான். நான் என்ன பண்ண முடியும்?" அந்த நிமிடம் என் கை உயர்ந்தது. சுற்றிலும் கோயில் ஆட்கள் நின்றார்கள், அதனால் கீழே இறக்கிக்கொண்டேன். இன்றுவரை அந்தக் கோபம் இறங்கவில்லை. காலையில் எழுந்தால் அதுதான், இலைக் கட்டை ஏற்றும்போதும் அதுதான், சோற்றில் கை வைத்தாலும் அதுதான். உன் அப்பா என்னிடம் பேசவே பயப்படுகிறார்.

டர்போ லேக்கைப் பற்றி என்னிடமா கதை சொல்கிறாய்? அந்த பிக்கப்பை வாங்கியவள் நான். பந்திங் பக்கத்துத் தோட்டங்களில் வாழை இலையை ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிறவள் நான். வாங்கிய முதல் வாரத்திலேயே அந்த வண்டி எனக்குப் பாடம் சொல்லிவிட்டது. போர்ட் கிள்ளானுக்குப் போகும் பெரிய சாலையில், நம் தாமான் குடியிருப்பு முனையிலிருந்து வலது பக்கம் திரும்ப நின்றுகொண்டிருந்தேன். கன்டெய்னர் லோரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நடுவில் ஓர் இடைவெளி கிடைத்தது, பழைய பெட்ரோல் வேனில் நுழைவதுபோல நுழைந்தேன். மிதித்தேன், வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தேன், அப்போதும் முனகத்தான் செய்தது. பாதிச் சாலையில் குறுக்கே நிற்கிறேன், லோரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வருகிறான், எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் திடீரென்று யாரோ பின்னால் பிடித்துத் தள்ளியதுபோல வண்டி பாய்ந்தது. எதிர்ப்பக்கம் சாலையோரத்தில் ஏறி நின்று, நாலைந்து லோரிகள் கடந்து போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே உன்னிடம் கேட்டேன். நீ அப்போது கார் உதிரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய், பெருமையாக விளக்கினாய். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைதான் டர்போவைச் சுழற்றுகிறது, அது சுழன்றால்தான் காற்று அழுத்தமாக உள்ளே போய் இழுவை வரும், மெதுவாகப் போகும்போது புகை குறைவு, அதனால் மிதித்ததும் வராது, கொஞ்சம் தாமதித்துத்தான் வரும், வரும்போது மொத்தமாக வரும். நன்றாகத்தான் சொன்னாய். நானும் அப்படியே பழகிக்கொண்டேன். கொஞ்சமாக மிதித்து, காலை அங்கேயே வைத்து, அது வரும்வரை காத்திருப்பேன். வரவில்லையே என்று மேலும் மிதிக்க மாட்டேன். சின்ன இடைவெளியை விட்டுவிட்டுப் பெரிய இடைவெளிக்கு நிற்பேன். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஒரு தரம் தாமதம் அதிகமாகிக் கரும்புகையும் வந்தபோது, மெக்கானிக்கிடம் விட்டு விரிசல் விட்ட காற்றுக் குழாயை மாற்றினேன். அவ்வளவுதான் டர்போ லேக். அது பேய் இல்லை, பிசாசு இல்லை. எப்போது வரும், எப்படி வரும் என்று வண்டியை ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிகிற ஒரு குணம். ஆள் அடிபட்ட பிறகு அதன்மேல் பழி போடுவதற்கு அது என்ன, நேற்று முளைத்ததா?

அப்புறம் என் பிறந்தநாளுக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாய். த்ரோட்டல் கண்ட்ரோலராம். பெடலுக்கு மேலே ஒயரைச் சொருகி, ஸ்டியரிங் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒன்றை ஒட்டினாய். "இனிமே லேக்கே இருக்காது பாருங்கம்மா, பறக்கும்" என்றாய். பச்சை விளக்கு என்றால் சாதாரணம், சிவப்பு என்றால் ஸ்போர்ட். ஆசையாகத்தான் வாங்கிக் கொடுத்தாய், நானும் சந்தோஷப்பட்டேன். சிவப்பிலேயே விட்டுவிட்டுப் போனாய். இரண்டாம் நாளே பிரிக்பீல்ட்ஸில் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் இலை இறக்கிவிட்டு வண்டியை நகர்த்தினேன். பட்டும் படாமலும் மிதித்தேன், ஒன்றும் இல்லை. கொஞ்சம் அழுத்தினேன், வண்டி எகிறிப்போய் முட்டைக்கோஸ் கூடைகளில் மோதியது. கடைக்கார அண்ணன் பதறிப்போய் ஓடிவந்தார். "அக்கா, என்னக்கா, கொல்ல பாக்குறீங்களா! இப்பதான் அந்த இந்தோனேசியா பொண்ணு அங்க குந்தி வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்துச்சு!" அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெட்டி டர்போவை ஒன்றும் சீக்கிரம் சுழற்றுவதில்லை. நான் கால்வாசி மிதித்தால் முழுசாக மிதித்துவிட்டேன் என்று எஞ்சினிடம் பொய் சொல்கிறது. தாமதம் அப்படியேதான் இருக்கிறது, பாய்ச்சல்தான் கூடியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் சொன்னேன். "ஓகேமா, பச்சையிலேயே வச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். ஆனால் நீ வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வரும்போதெல்லாம் சிவப்பில்தான் இருக்கும். மறுநாள் காலையில் நான் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பச்சைக்கு மாற்றுவேன்.

இப்போது தேர் விஷயத்துக்கு வருகிறேன். தேரை இழுத்துக்கொண்டிருந்த பழைய லோரியை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். இந்த வருடம் எங்கள் பிக்கப் வேண்டும் என்று கோயில் தலைவர் வீட்டுக்கே வந்து கேட்டார். வண்டி தருகிறேன், நானே ஓட்டுகிறேன் என்றேன். அவர் நெளிந்தார். "அதுக்கில்லக்கா, பொம்பளைங்க தேரு இழுத்தா நல்லா இருக்காது. சுத்தபத்தம் பாக்கணும். தினேஷ ஓட்டச் சொல்லுங்க." எனக்கு அறுபது நெருங்குகிறது, என்ன சுத்தத்தை இவர் பார்க்கிறார் என்று வாய்வரை வந்துவிட்டது. தேரில் உட்கார்ந்திருப்பதே பெண் தெய்வம்தான், அது இவர்கள் ஒருவருக்கும் நினைப்பில் இல்லை. நீயாவது "அம்மாவுக்குத்தான் இந்த வண்டி பழக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்வாய் என்று உன்னைப் பார்த்தேன். நீ மாலை போட்ட பிக்கப்பின் முன்னால் நின்று எப்படிப் படம் எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாய். சரி போகட்டும் என்று விட்டேன். கிளம்புவதற்கு முன்னால் ஒன்றுதான் கேட்டேன். "பெட்டிய பச்சையில போட்டியா?" "போட்டுட்டேன்மா." "பாத்தியா?" "போட்டுட்டேன்னு சொல்றேன்லா!" ஊர் முன்னால் எரிந்து விழுந்தாய். நானும் நம்பிவிட்டேன்.

சந்திரனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் தர்ஷினிக்காகச் சொல்கிறேன். போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் சுமை தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். தேர் ஒவ்வொரு வீட்டு வாசலில் நிற்கும்போதும் பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைப்பதும், கிளம்பும்போது எடுப்பதும் பல வருடங்களாக அவர் வேலை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டார் தேங்காய் உடைத்து, தீபாராதனை முடிந்ததும், அவர் குனிந்து கட்டையை உருவுவார். உருவி எடுத்த பிறகு தேரின் பக்கப் பலகையில் இரண்டு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். லோரிக்காரர் ஓட்டிய காலத்தில் உறுமி மேளம் காதைப் பிளந்தாலும் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, தட்டு கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நீ குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு சன்னலை ஏற்றிவிட்டிருந்தாய்.

சாலை வளைவில் இருக்கும் வீட்டு வாசலில் தேர் நின்றபோது நான் விளக்குத் தட்டோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஊர்வலத்துக்குப் போலீஸ் கொடுத்த அனுமதி நேரம் முடியப்போகிறது என்று தலைவர் முன்னால் நின்று கையை ஆட்டி அவசரப்படுத்தினார். நீ தட்டுக்குக் காத்திருக்கவில்லை. பிரேக்கை விட்டாய், வண்டி நகரவில்லை. ஏன் நகரவில்லை? சக்கரத்துக்கு முன்னால் கட்டை இருந்தது, அதனால் நகரவில்லை. நீ என்ன நினைத்தாய்? லேக் என்று நினைத்தாய், இன்னும் மிதித்தாய். எஞ்சின் முக்கியது, தேர் அசையவே இல்லை. நிற்கிற தேர், நிற்கிற சக்கரம். நீ இன்னும் கிளம்பவில்லை என்று எண்ணி அவர் வழக்கம்போலக் குனிந்து கட்டையில் கை வைத்தார். அப்போது வந்தது உன் டர்போ. தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது, சக்கரம் கட்டைமேல் ஏறி அவர் கைமேல் இறங்கியது. அவர் கத்திய கத்தலை உறுமி மேளத்தில் முன்னால் இருந்தவர்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன். தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து உன் கதவைத் திறந்தேன். ஸ்டியரிங் ஓரத்தில் அந்தப் பெட்டி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். உடனே கையை நீட்டிப் பச்சைக்கு மாற்றினாய். கீழே ஒரு மனிதன் துடித்துக்கொண்டிருந்தார், உனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

எனவே டர்போ லேக் என்று இனி என் காதில் விழக்கூடாது. அன்று நடந்ததில் அந்த எஞ்சின் ஒன்றுதான் தன் வேலையைச் சரியாகச் செய்தது. மிதித்தாய், தாமதித்தது, வந்தது. அது எப்போதும் செய்வதுதான். தட்டுக்குக் காத்திருக்காதது நீ. பச்சையில் போடாமல் போட்டுவிட்டேன் என்றது நீ. நகராவிட்டால் ஏன் என்று இறங்கிப் பார்க்காமல் இன்னும் அழுத்தியது நீ. இவ்வளவும் தவறுதான். தவறு யாருக்கும் வரும், அதற்காக நான் உன்னை வெறுக்க மாட்டேன். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் விமலாவிடம் போய் "ஆன்டி, என் மேலதான் தப்பு" என்று சொல்லியிருந்தால், நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். போலீஸ் என்றாலும் உன்னோடு வந்து நின்றிருப்பேன். ஆனால் அதற்கப்புறம் நீ செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

போலீஸில் சொன்னால் அடுத்த வருடம் ஊர்வலத்துக்கு அனுமதி கிடைக்காது என்று தலைவருக்குக் கவலை. அதனால் காரணம் ஒன்று தேடினார்கள், கிடைத்தது. சந்திரனின் மாமியார் சுங்கை பூலோவில் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடியாமலேயே அவர் தேருக்கு வந்துவிட்டாராம். தீட்டோடு தேர்ச் சக்கரத்தைத் தொட்டாராம். அம்மன் தண்டித்துவிட்டாளாம். மாமியார் செத்தால் மருமகனுக்கு மூன்று நாளோ என்னவோதான் தீட்டு, அதைப் பூசாரியிடம் கேட்டாலே சொல்வார். அதைக்கூட விடு. சந்திரன் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "கட்ட போட ஆளில்ல, நீங்க வந்தே ஆகணும்" என்று போன் போட்டு வரவழைத்தது இதே தலைவர். அதே வாய் இப்போது தீட்டு என்கிறது. கோயில் கூட்டத்தில் தலைவர் அதைச் சொன்னபோது நீ அங்கே இருந்தாய். நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். தலையை நிமிர்த்தினாய், ஆமாம் என்பதுபோல ஆட்டினாய். நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

நீ நான்காம் வகுப்பு படித்தபோது நாம் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். தண்ணீர் இல்லாத நாளில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூட மறந்து, "மூடிட்டேன்மா" என்று சொல்லிப் பள்ளிக்குப் போனாய். தண்ணீர் வந்து, வழிந்து, கீழ்வீட்டுச் சீன ஆன்டியின் மெத்தை வரை நனைந்தது. தன் வீட்டுக் குழாய்தான் வெடித்தது என்று நினைத்து அவள் ஆளைக் கூப்பிட்டுச் சுவரை உடைக்கத் தொடங்கினாள். நீ பள்ளிவிட்டு வந்தவன் படியில் நின்று அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேலே வந்து சாப்பிட உட்கார்ந்தாய். நான் விஷயம் தெரிந்ததும் சோற்றுக் கையோடு உன்னை இழுத்துக்கொண்டு கீழே போனேன். நீ அழுதுகொண்டே சொன்னாய். அவள் கோபப்படவில்லை, உன் கையைத் தன் துணியால் துடைத்துவிட்டு, "சொன்னியே, பாகுஸ், நல்ல பிள்ளை" என்று ஒரு பிஸ்கட் கொடுத்தாள். அன்று உன்னை இழுத்துக்கொண்டு போக என்னால் முடிந்தது. இப்போது நீ என்னைவிட ஓர் அடி உயரம், பூச்சோங்கில் தனி வீடு, போனை எடுக்காத அளவுக்குப் பெரிய மனிதன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். "கல்யாணம் முடியட்டும்லா, அப்புறம் பாத்துக்கலாம். இப்ப போய்க் கிண்டாத" என்றார். கல்யாணம் முடிந்தால் தேனிலவு, தேனிலவு முடிந்தால் புது வேலை, அதற்கப்புறம் பிள்ளை, அதற்குக் காது குத்து. கிண்டுவதற்கு நல்ல நாள் நம் வீட்டில் வரவே வராது. நீயோ அதற்கு மேலே போய், "அவர கல்யாணத்துக்குக் கூப்பிட வேணாம்மா, கைய பாத்தா எல்லாரும் கேப்பாங்க, ஒரு மாதிரியா இருக்கும்" என்றாய். கவலைப்படாதே. அவரே வரவில்லையாம். தீட்டுப் பட்டவன், அம்மன் தண்டித்தவன், மணமேடைப் பக்கம் வந்தால் உனக்கு ஆகாது என்று விமலாவிடம் சொல்லியிருக்கிறார். உன் நன்மைக்காக உன் கல்யாணத்துக்கு வராமல் இருக்கிறார், புரிகிறதா?

செவ்வாய்க்கிழமை நான் பொறுக்க மாட்டாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டோடு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் ஃபோர்க்லிப்டை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, இவரை வாசல் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். விசைகளையெல்லாம் வலது கையால்தானே தள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்யப் போகிறாராம். ஈரத்துணியோடு, அந்தக் கையோடு, கல் தரையில் கோயிலைச் சுற்றி உருளப் போகிறார். புண் நனையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "டாக்டருக்கு என்னக்கா தெரியும், தப்பு செஞ்சவன் நான்" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, சிவப்பு விளக்கு, நீ தட்டுக்குக் காத்திருக்காதது, நான் கதவைத் திறந்தபோது நீ மாற்றியது, ஒன்று விடாமல் சொன்னேன். அன்றைக்கே வராமல் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். "அக்கா, என் மனசு ஆறணும்னு பெத்த பிள்ளை மேலயே பழிய போடுறீங்க. இந்தக் குணம் யாருக்கு வரும்? ஆனா வேணாம்க்கா. தினேஷ எனக்குச் சின்னப் பிள்ளையில இருந்து தெரியும். தப்பு அவன்மேல இருந்திருந்தா அன்னிக்கே அவன் வந்து சொல்லியிருப்பான்லா." நான் சத்தியம் செய்தேன். "சத்தியம் எல்லாம் பண்ணாதீங்கக்கா, கல்யாண வீடு" என்று என் கையைத் தன் இடது கையால் பிடித்துத் தடுத்துவிட்டார். நான் எதைச் சொன்னாலும் அது என் நல்ல மனசாகிவிடுகிறது.

விமலா வாசல் வரைக்கும் வந்தாள். கேட்டைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, நீங்க சொன்னது நெசமா? எங்கம்மா சாவு காரணம் இல்லயா?" என்று மெதுவாகக் கேட்டாள். அப்புறம் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவள் அம்மாவின் படத்துக்கு முன்னால் அவர் நிற்பதில்லையாம். அவளே படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாளாம். செத்துப்போன தாயின் படத்துக்கு விளக்கேற்ற முடியாமல் ஒரு பெண் இருக்கிறாள், தினேஷ். நீ ஒரு பொத்தானை அழுத்தவில்லை, அப்புறம் வாயைத் திறக்கவில்லை, அதற்காக. நான் அவளிடம் "நெசம்தான்மா" என்றேன். "அப்ப தினேஷ் ஏன் வரல?" என்றாள்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன், மணமேடையில் நிற்கமாட்டேன் என்றெல்லாம் நான் மிரட்டப் போவதில்லை. அந்த நாடகம் எனக்கு வராது. வருவேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்பேன். ஆனால் கோயில் ஆட்கள் வந்து நிற்கும்போது உன் பக்கத்தில் நின்று என்னால் சிரிக்க முடியாது. வண்டியிலிருந்து அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். தேருக்கு இனி வண்டி வேண்டுமென்றால் நான்தான் ஓட்டுவேன், இல்லாவிட்டால் தோளில் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று தலைவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மிச்சம் என்னால் முடியாதது. அதை நீதான் செய்ய வேண்டும். இந்த ஊரில் வேறு யார் சொன்னாலும் அவர் நம்பமாட்டார்.

வியாழக்கிழமைக்குள் அவர் வீட்டுக்குப் போ. தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு போ, பழத்தட்டு ஒன்றும் வேண்டாம், வெறுங்கையோடு போ. டர்போ என்று ஆரம்பிக்காதே, தலைவர் என்று ஆரம்பிக்காதே, அனுமதி நேரம் என்று ஆரம்பிக்காதே. விமலாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, அவள் காதில் விழும்படி சொல். அவர் அடித்தாலும் வாங்கிக்கொள். போலீஸுக்குப் போக வேண்டும் என்று அவர் சொன்னால் அவரோடு போ. நீ நல்லவன், தப்பு செய்திருந்தால் வந்து சொல்லியிருப்பாய் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் தன்னைப் பாவி என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை அந்தக் கையோடு தரையில் உருளத் தயாராகிக்கொண்டிருக்கிறார். அவர் போய் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் நீ போய் அவரிடம் கேள்.

அம்மா